சிலிண்டர் கைமாத்து

போன வாரம் ஆல்பர்ட்டை ஏரிக்கரை இறக்கத்தில், இன்ஜினை அணைத்த வேனோடு உருளவிட்டு வந்துவிட்டோம். கவலைப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆள் முழுசாகத்தான் வீடு வந்து சேர்ந்தான். வண்டியில் இருந்த ஏழு பெண்களும் சேர்ந்தார்கள். அவன் பெண்டாட்டி ஷீபா மட்டும் இறங்கும்போது கதவை அறைந்து சாத்தினாள்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க அந்த மனுஷன் ஆடாத கூத்தில்லை. கனம் குறையட்டும் என்று ஸ்டெப்னி டயரைக் கழற்றி வீட்டில் உருட்டிவிட்டான். தினமும் காற்று பார்த்தான். நாற்பதுக்கு மேல் ஸ்பீடு முள்ளைத் தூக்கமாட்டேன் என்றான். கடைசியில்தான் அந்த இறக்கத்து வித்தை. "கீழ வர்றதுக்கு எதுக்கு பெட்ரோலு?" என்று நியாயம் வேறு.

அவனையும் குற்றம் சொல்வதற்கில்லை. சாலவாக்கத்தை அடுத்த அவர்கள் காலனியிலிருந்து வாலாஜாபாத் பக்கத்து ஷூ கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த கம்பெனி பஸ் நின்றுபோனது. அதிலிருந்து ஆல்பர்ட்டின் பழைய ஆம்னிதான் எல்லோருக்கும் பஸ். அவன் அங்கே லோடிங்கில் வேலை, ஷீபா தையல் பிரிவில். மற்ற ஆறு பேரும் காலனிப் பெண்கள். பெட்ரோல் செலவை எட்டாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பெட்ரோல் ஏற ஏறப் பங்கும் ஏறியது. "இன்னொரு தபா ஏத்துனா நான் நின்னுடறேன்க்கா" என்று கடைசி சீட்டுக் காவியா சொல்லிவிட்டாள். அவள் சொன்னதை இன்னும் இரண்டு பேர் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நின்றால் எங்கே போவார்கள்? ஊரில் நிலபுலன் வைத்திருக்கிற வேதகிரியின் கழனிக்குத்தான், நடவுக்கு. ஷீபாவின் அம்மா அந்தக் கழனியில் குனிந்த இடுப்பு நிமிராமலே போய்ச் சேர்ந்தவள். அதனால் வேன் ஓடியே ஆகவேண்டும், ஆறு பேரும் அதில் ஏறியே ஆகவேண்டும். ஷீபாவிடம் இதில் வேறு பேச்சே கிடையாது.

இறக்கத்து வித்தை நடந்து நம் கணக்கில் ஒரு வாரம். அவர்கள் கணக்கில் ஒரு மாதத்துக்கும் மேல் ஓடிவிட்டது. இந்த ஒரு மாதத்தில் அதிசயம் நடந்தது. ஆல்பர்ட் இன்ஜினை அணைப்பதை விட்டுவிட்டான். பங்கும் ஏறவில்லை, இறங்கிவிட்டது.

"கார்புரேட்டரை க்ளீன் பண்ணேன். மைலேஜ் தூக்கிக்கிச்சி" என்றான்.

ஷீபா நம்பினாள். கட்டினவள் நம்பாமல் வேறு யார் நம்புவது.

சனிக்கிழமை காலை உப்புமா பாதி வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பு அணைந்தது.

ஷீபா குனிந்து சிலிண்டரை அசைத்துப் பார்த்தாள். காலி. போன ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்த பிற்பாடு மாற்றிய சிலிண்டர் அது. இரண்டே பேர் சாப்பிடுகிற வீட்டில் அது ஒரு வாரத்தில் தீர்ந்த கதை இதுவரை இல்லை.

"மாமா, கேஸ் பூட்டுச்சி" என்றாள், பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தவனிடம்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. பிறகு, "லீக்கு கீக்கு ஆயிருக்கும். ஓட்டல்ல நாஷ்டா வாங்கிக்கலாம் வுடு" என்று பதில் வந்தது.

ஓட்டல் நாஷ்டா என்று அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை. டீக்கடையில் வடை வாங்கவே யோசிக்கிறவன். ஷீபா வாணலியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

அந்தக் காலனியில் சிலிண்டர் கைமாத்து ரொம்ப நாள் பழக்கம். ஒரு வீட்டில் தீர்ந்துபோனால் அடுத்த வீட்டில் இருப்பதைத் தூக்கிவந்து மாட்டிக்கொள்ளலாம். தனக்கு வரும்போது திருப்பி வைத்தால் போதும். பல வீடுகளில் விறகுதான் அன்றாட அடுப்பு. கேஸ் மழைக்கும் விருந்தாளிக்கும் என்று மூலையில் நிற்கும். எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அது மரியாதைக் குறைவு.

ஜெயம்மா வாசலில் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள், வேனில் நடு சீட்டு.

"அத்த, உன் சிலிண்டர கைமாத்து குடேன். என்துது பாதி உப்புமால கை வுட்டுடுச்சி."

"எங்க கீது எங்கிட்ட? உன் வூட்டுக்காரந்தான் புதங்கிழம தூக்கினு போனானே."

"எங்க வூட்டுக்கா?"

ஜெயம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். புகையில் கண் கலங்கியிருந்தது. "அந்தப் பையன் இன்னுமா உங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

ஷீபா கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். சமையல் மேடைக்குக் கீழே, சிலிண்டர் நின்ற இடத்தில், சிமென்ட் தரையில் துருப்பிடித்த வட்டம் மட்டும் இருந்தது.

அடுத்த வீட்டிலும் வட்டம். அதற்கடுத்து காவியாவின் வீடு. அங்கேயும் வட்டம். காவியா தலை பின்னிக்கொண்டே வந்தவள், ஷீபாவின் முகத்தைப் பார்த்ததும் பின்னலை அப்படியே விட்டுவிட்டாள்.

"எத்தினி வூட்டுதுடி?"

"எல்லார் வூட்டுதும்க்கா. உன் வூட்டுல தீரப்போற ஒண்ண மாத்தி வெச்சிட்டு உன்துதையும் அண்ணன் எடுத்துக்கிச்சி. ஆளுக்கு ஒண்ணுன்னு முறை வெச்சிக்கினோம். வேனுக்குத்தான். பங்கு ஏறக்கூடாதுன்னு."

"எங்கிட்ட மட்டும் ஏண்டி சொல்லல?"

"நீதான் கம்பெனில ஃபயர் டிரில்லுல மஞ்சத் தொப்பி போட்டுக்கினு எல்லாரையும் வெரட்டுவியே. உனுக்குத் தெரிஞ்சா வுட மாட்டன்னு ஜெயம்மா அத்ததான் சொல்லிச்சி."

ஷீபாவுக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தெருவே தாங்காது. ஆனால் முழுசாகக் கோபப்படவும் விடமாட்டேன் என்றது அந்தத் துருவட்டம். ஒரு மாதமாக இந்தப் பெண்கள் விடிவதற்கு முன்னே எழுந்து விறகுப் புகையில் இருமிக்கொண்டு சமைத்திருக்கிறார்கள். எதற்கு? வேன் நிற்கக்கூடாது என்று. அவளுக்காகவும்தான். வைவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியாமல் அவள் வேகமாகத் திரும்பி நடந்தாள்.

வேன் தெருமுனையில் நின்றது. பெண்கள் சாப்பாட்டுப் பையோடு கூடிவிட்டிருந்தார்கள். ஆல்பர்ட் தலை துவட்டாமலே ஓடிவந்தான். விஷயம் அவனுக்கு முன்னே வந்து சேர்ந்திருந்தது.

ஷீபா பின்கதவைத் தூக்கினாள். கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு கோணிப்பை மூட்டை. காவியா தினமும் கால் வைத்துக்கொண்டு வருகிற மூட்டை. கோணியை உருவினாள். உள்ளே சிவப்புச் சிலிண்டர், படுத்த வாக்கில், சைக்கிள் டியூபால் சீட்டுக் காலோடு கட்டிக் கிடந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முன்பக்கம் போயிற்று.

ஒரு மாதமாக இதன்மேல்தான் எட்டுப் பேரும் வாயடித்துச் சிரித்துக்கொண்டு போய்வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஷீபா அந்தக் குழாயைப் பிடித்தாள்.

"ஷீபா, கைய வெக்காத. ஊர்ல எத்தினி வண்டி இப்பிடி ஓடிக்கினு கீது தெரியுமா?"

"தெரியும்."

"ஒண்ணும் ஆவல இல்ல ஒரு மாசமா?"

"ஆச்சின்னா சொல்றதுக்கு யார் மாமா இருப்பா?"

ஆல்பர்ட் ஒதுங்கி வழிவிட்டான்.

ஷீபா ரெகுலேட்டர் குமிழைத் திருகி அடைத்தாள். ரெகுலேட்டரைக் கழற்றினாள். டியூபை அவிழ்த்தாள். கனமான சிலிண்டர், ஒரு ஆள் தூக்குவது கஷ்டம். யாரும் உதவிக்கு வரவில்லை, தடுக்கவும் வரவில்லை. அவள் அதைத் தரையில் இறக்கி நிமிர்த்தி வைத்தாள்.

"இது யாருது?"

ஜெயம்மா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"அத்த, கம்பெனில மணி அடிச்சா எல்லாத்துக்கும் முன்ன ஓடறது நீதான். அது சும்மா ஒத்திக. இங்க நெசமாவே பக்கத்துல வெச்சிக்கினு உக்காந்திருக்க."

"பயந்துக்கினுதான் உக்காந்தேன்" என்றாள் ஜெயம்மா. "கழனிக்குப் போறதுக்கு இது மேலுன்னு உக்காந்தேன். இந்தப் புள்ளைங்களும் அதான் நெனச்சிதுங்க. நீ வேற இன்னா வழி வெச்சிருக்க, சொல்லு."

வழி இல்லை என்று சொல்ல ஷீபா தயாரில்லை.

"இன்னிக்கி பெட்ரோல்ல போறோம். அரை நாள் ஷிஃப்ட்டு. முடிஞ்சதும் எல்லாரும் என்கூட வர்றீங்க. வண்டிக்குன்னே கேஸ் மாட்டித் தர்ற கடை காஞ்சிபுரம் ரோட்டுல கீது. இன்னா ஏதுன்னு நேரா கேட்டுடலாம்."

"அதுக்கு துட்டு?" என்றான் ஆல்பர்ட்.

"மகளிர் குழுல லோன் எடுக்கலாம். எட்டா பங்கு போட்டு அடைப்போம். சிலிண்டர எட்டா பங்கு போட்டீங்க இல்ல?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். ஆல்பர்ட் மட்டும் ஒரு விநாடி தயங்கி, வீட்டுக்குள் போய் ஸ்டெப்னி டயரையும் தூக்கிவந்து போட்டான். ஷீபா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் வேன் கேஸ் கடைக்குப் போனது. எட்டுப் பேரும் ஒன்றாக இறங்கியதைப் பார்த்து, கடைக்காரர் மோகன் ஏதோ தகராறுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் பின்வாங்கினார். விஷயத்தைக் கேட்டதும் ஆளாளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சமையல் சிலிண்டரா?" என்று ஆல்பர்ட்டைப் பார்த்தார். "அண்ணே, அது அசையாம நிக்கறதுக்கு செஞ்சது. வண்டி டேங்க்கு வேற. இரும்பு கனமா இருக்கும், அடிபட்டா வால்வு தன்னால மூடிக்கும், டெஸ்ட் பண்ணி முத்திரை குத்தித் தருவாங்க. உங்க வண்டிக்கு சி.என்.ஜி. போடலாம். பெட்ரோல்ல போறதுக்கு இதுல செலவு நல்லாவே கொறையும்."

"கெடுதி ஒண்ணும் இல்லியா?" என்று ஷீபா கேட்டாள். ஒரு பொருளை விற்கிறவனிடம் முதலில் கேட்கவேண்டியது அதுதான் என்பது அவள் கட்சி.

மோகன் சிரித்தார். "இருக்கு. மேட்டுல கொஞ்சம் இழுக்காது. பின்னால எடத்த அடைச்சிக்கும். பங்க்குல க்யூ நிக்கணும். காலையில அரை மணி முன்ன கெளம்பணும்."

"கரண்ட்டு வண்டி வாங்கினா?" என்றாள் காவியா, கடை வாசலில் சத்தமில்லாமல் போன ஒரு ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டே.

"நம்ம காலனில சாயங்காலம் ஃபேனே சுத்த மாட்டன்னுது. வண்டிக்கு எங்கருந்து கரண்ட்டு வரும்?" என்றாள் ஜெயம்மா. "அதுக்கும் ஒரு நாள் வரும். இப்ப இத்தப் பாரு."

"அரை மணி முன்ன கெளம்ப முடியுமா எல்லாராலயும்?" என்று ஷீபா கேட்டாள்.

"கேஸ் அடுப்புல சமைச்சா முடியும்" என்றாள் காவியா.

ஷீபா அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். விலை பேசினார்கள், தவணை பேசினார்கள், மோகன் கொஞ்சம் இறங்கினார். எல்லாம் முடிந்தது என்று எழுந்திருக்கும்போது அவர் கேட்டார்.

"ஆர்.சி. யார் பேர்ல இருக்கு? கேஸ் போட்டா அதுல பதியணும். ஓனர் கையெழுத்து வேணும்."

ஆல்பர்ட் வேனின் டயரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தக் கதையைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வேனை ஆல்பர்ட் வேதகிரியிடம் வாங்கினான். அவரிடம் டிரைவராக இருந்த காலத்தில் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கடைசிக் காசு வரைக்கும் கொடுத்து முடித்தான். அதை வேதகிரியே மறுக்கமாட்டார். ஆனால் பேர் மாற்றவில்லை. கேட்டபோதெல்லாம், "வண்டி உங்கிட்டதானேடா கீது, பேர்ல இன்னா கீது" என்றார். பேரில் என்ன இருக்கிறது என்பது மாதா மாதம் தெரிந்தது. அவர் வீட்டில் ஆஸ்பத்திரி என்றாலும், கோயில் என்றாலும், உர மூட்டை என்றாலும் போன் வரும். வேன் போகும். ஆல்பர்ட் செலவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகும்.

ஸ்டெப்னியைக் கழற்றி, இறக்கத்தில் உருட்டி, தெருவில் இருக்கிற சிலிண்டரையெல்லாம் மாட்டி அவன் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தான். வேதகிரியின் ஒரு போன் அதைக் குடித்துவிட்டுப் போகும். அவரிடம் மட்டும் அவனுக்கு வாய் திறக்கத் தெரியாது.

"பேர் மாத்தற ஃபாரமும் குடுங்க" என்றாள் ஷீபா.

"ஷீபா, வோணாம். அவரு கோச்சிக்குவாரு."

"கோச்சிக்கட்டும். நான் கேக்கறேன். நீ வண்டிய ஓட்டு, போதும்."

வழி நெடுக அவள் ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கையெழுத்துக் கேட்கிற வாக்கியம் அல்ல; அது சுலபம். அதற்கடுத்தது.

வேதகிரியின் வீட்டுக்கு வரும்போது ஆல்பர்ட் எப்போதும் வேனை ரோட்டு வளைவிலேயே நிறுத்திவிட்டு நடந்துபோவான். இன்றைக்கும் அங்கே வேகத்தைக் குறைத்தான்.

"கேட்டுகிட்ட போ" என்றாள் ஷீபா.

கேட்டருகே நிறுத்தினான். பேட்டரி வீக், செல்ஃப் எடுக்க மக்கர் பண்ணும். ஒரு நிமிஷ வேலைதானே என்று இன்ஜினை அணைக்காமலே இறங்கினான்.

வேதகிரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர் என்று பேர் எடுத்தவர். காலனியில் சாவு என்றால் மாலையோடு வருவார். ஷீபா விஷயத்தைச் சொன்னபோது கோபப்படவும் இல்லை.

"இவ்ளோதானா? இதுக்கா புருஷனும் பொண்டாட்டியும் வந்தீங்க? குடும்மா" என்று ஃபாரத்தை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். ஆல்பர்ட்டின் முகம் மலர்ந்துபோனது.

பேனா காகிதத்துக்கு மேலே வந்தது.

"ஆங், ஆல்பர்ட்டு. நாளைக்கு காலையில பழையசீவரம் மலைக்குப் போவணும், சம்பந்தி வூட்டுக்காரங்க வர்றாங்க. ஏழு மணிக்கு வண்டிய கொண்டாந்துடு."

இதுதான் அந்த இடம். வாக்கியம் ஷீபாவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மூச்சை இழுத்தாள்.

"கொண்டார்றேன் ஐயா" என்றான் ஆல்பர்ட்.

போச்சு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போவ வர பெட்ரோலு உங்குளுது. வண்டிக்கு அரை நாள் வாடகை ஆவும்."

ஷீபா கண்ணைத் திறந்தாள். சொன்னது அவள் இல்லை. ஆல்பர்ட் கையைக் கட்டிக்கொண்டு, காது மடல் சிவந்து, தரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். வார்த்தை எதையும் அவன் விழுங்கவில்லை.

வேதகிரி கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார். அப்புறம் ஷீபாவை. அப்புறம் கேட்டருகே, வேனிலிருந்து இறங்கி வரிசையாக நின்றிருந்த ஆறு பெண்களை. அவர்களில் யார் யார் அம்மா தன் கழனியில் நட்டவர்கள் என்பது அவருக்கும் தெரியும்.

"வாடகை" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பேனாவை மூடினார். ஃபாரத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "இருங்க. உள்ள கேட்டுட்டு வர்றேன்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே டி.வி. சத்தம் கூடியது. யாரும் யாரையும் எதுவும் கேட்கிற சத்தம் வரவில்லை.

ஆல்பர்ட் ஷீபாவின் முந்தானையைத் தொட்டான். "ஷீபா, தப்பா பேசிட்டனா? நாளைக்கி வர்லாமா?"

ஷீபா சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு கேட்டுக்கு வெளியே பார்த்தாள். ஜெயம்மா ஏற்கெனவே மதில் ஓரமாகக் குந்திவிட்டாள். காவியா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் கொடுத்தாள். போகிற எண்ணம் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. வேன் மட்டும் ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நின்றது.

"தப்பில்ல மாமா. நேரம் ஆவும் போல கீது" என்றாள். "பெட்ரோலு வீணாவுது. போய் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு வா."